தன் இலையைத் தானே எடுப்பவர்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிற அந்த மெஸ்ஸுக்குப் பெயர்ப்பலகை உண்டு. வாசித்தவர்தான் யாரும் இல்லை. நடத்துகிற பாலசுப்பிரமணியனை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் அது அண்ணாச்சி மெஸ். மத்தியானம் பன்னிரண்டரைக்கு இலை போட்டால் மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி எழும்பும். நாலு வரிசை மேசை, வரிசைக்கு ஒரு பெண். இலை போடுவது, பரிமாறுவது, எச்சில் இலை எடுப்பது, துடைப்பது எல்லாம் அந்தந்த வரிசைக்காரியின் பொறுப்பு. சனிக்கிழமை மட்டும் சொதி, தேங்காய்ப்பால் குழம்பு. அன்றைக்கு வாசலில் ஆள் நிற்கும்.

மூன்றாவது வரிசையில் சுவரோரக் கடைசி இடம் ஹெப்ரானுக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை, நாலு வருஷப் பழக்கம். ஹெப்ரானுக்கு ஐம்பத்து நாலு வயது. கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். மனைவி ரீபாவுக்கு அம்பாசமுத்திரத்தில் டீச்சர் வேலை. காலை ஏழு மணிக்கு பஸ் ஏறுகிறவளைச் சோறு கட்டித்தரச் சொல்வது பாவம் என்று அவராகவே மெஸ்ஸுக்கு மாறிக்கொண்டார். கட்டித் தருகிறேன் என்று அவள் பத்துத் தடவை சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

ஹெப்ரான் நல்ல மனுஷர். இதை யாராவது முகத்துக்கு நேரே சொன்னால் "சே, அதெல்லாம் இல்ல" என்று மறுப்பார். மறுத்துவிட்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பார். மெஸ்ஸில் அவர் யாரையும் ஒரு குரல் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வராவிட்டால் வருகிற வரை விக்கலோடு உட்கார்ந்திருப்பார். அப்பளம் விட்டுப்போனால் அப்பளம் இல்லாமலே சாப்பிடுவார். இரண்டாம் தடவை குழம்பு வாளி வரும்போது, குனிகிறவளுக்கு முதுகு வலிக்குமே என்று இலைக்கு மேல் கையை விரித்து மறைத்துவிடுவார். சொதி என்றால் அவருக்கு உயிர். நாலு வருஷச் சனிக்கிழமைகளில் இரண்டாம் கரண்டி சொதி அவர் இலையில் விழுந்ததே கிடையாது.

எல்லாம் முடிந்ததும் தன் இலையைத் தானே எடுப்பார்.

இது அவர் வளர்ந்த மிஷன் போர்டிங்கின் பழக்கம். அங்கே சாப்பிட்டவன் தன் தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்க்க வேண்டும். உன் எச்சிலை இன்னொருத்தர் ஏன் தொட வேண்டும் என்பது அந்த இடத்துச் சட்டம். நல்ல சட்டம்தான். ஹெப்ரான் அதை நாற்பது வருஷம் கழித்து அப்படியே மெஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். இலையை மடித்து, இரண்டு கையிலும் ஏந்தி, மேசைகளுக்கு நடுவே நடந்துபோய், கை கழுவுகிற இடத்தில் இருக்கும் பெரிய கூடையில் போடுவார். ஆலயத்தில் காணிக்கை போட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறவரின் சாந்தம் அப்போது அவர் முகத்தில் இருக்கும்.

ஒரு புதன்கிழமை காலை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் போனை நீட்டினார்.

"சார், இது நீங்கதான?"

பதினாலு வினாடிப் படம். ஹெப்ரான் இலையை ஏந்திக்கொண்டு நடக்கிறார். சுற்றிலும் சாப்பிட்டு எழுந்தவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள். மூன்றாவது வரிசைப் பெண் இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் படம். போட்டிருந்தவள் பெயர் ஃபெமினா. உவரிக்காரி, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். கீழே எழுதியிருந்தாள்: "இருபது பேர் சாப்பிடுகிறார்கள். ஒருவர் மட்டும் தன் இலையைத் தானே எடுக்கிறார். பரிமாறுகிறவர் இடுப்பில் கைவைத்து மேற்பார்வை பார்க்கிறார். இன்னுமா?"

ஹெப்ரான் முதலில் பார்த்தது தன் பின்மண்டை வழுக்கையை. அது இவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாது. அடுத்துத்தான் எழுத்தைப் படித்தார். இந்தச் சீமையில் தன் இலையைத் தானே எடுப்பதற்கு ஒரு பழைய அர்த்தம் உண்டு. சிலரை மட்டும் எடுக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. மறந்தாயிற்று என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள், ஒருவரும் மறக்கவில்லை. படத்துக்குக் கீழே முந்நூறு பேர் வந்து திட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பாதிப்பேர் மெஸ்ஸை, மீதிப்பேர் அந்தப் பெண்ணை. அவரைத் திட்டினவர் ஒருவர்கூட இல்லை. அவருக்காக எல்லோரும் வருத்தப்பட்டிருந்தார்கள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று இதைத்தான் சொல்வார்கள்.

மத்தியானம் மெஸ்ஸுக்குப் போனபோது மூன்றாவது வரிசையில் வேறு ஒரு பெண் பரிமாறிக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த அண்ணாச்சி எழுந்து நின்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு வரவேற்பு இல்லை.

"வாங்க சார்வாள். உக்காருங்க, வயிறு நிறையச் சாப்பிடுங்க. இலைய மட்டும் தொட்டுறாதிய. கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"அண்ணாச்சி, அது எம் பழக்கம். யாரும் என்னைய எடுக்கச் சொல்லல."

"எனக்குத் தெரியாதா? ஊருக்குத் தெரியணுமில்லா. எங்க அய்யா கடை போட்ட அன்னைக்கே எல்லாருக்கும் ஒரே பந்தின்னு போட்டவரு. காலையில இருந்து எவன் எவனோ போன்ல கேக்கான், 'உங்க கடையில ஆள் பாத்துத்தான் இலை எடுப்பியளோ'ன்னு. என்ன பதில் சொல்லச் சொல்லுதிய?"

ஹெப்ரான் தலைகுனிந்தார். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"பேச்சித்தாய சனிக்கிழமையோட நிப்பாட்டுதேன். எனக்கு வேற வழி தெரியல. நடவடிக்கை எடுத்தாச்சுன்னு சொல்லணும்."

"யாரு பேச்சித்தாய்?"

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்கு 'சார்வாள்' போய் 'வே' வந்துவிடும்.

"நாலு வருசமா உமக்குச் சோறு போடுதவ பேரு உமக்குத் தெரியாதா வே?"

தெரியாதுதான். பெயரைக் கேட்டால் சங்கடப்படுவாளோ என்று ஹெப்ரான் கேட்காமலே இருந்துவிட்டார்.

தலைமை எழுத்தர் என்பதால் அவருக்கு முதலில் தோன்றியது ஒரு கடிதம். நடந்ததை விளக்கி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் தருவதாகச் சொன்னார். அண்ணாச்சி கையை உதறினார்.

"கடுதாசிய எவன் வாசிக்கான்? கண்ணால பாத்தத கண்ணாலதான் அழிக்கணும். அந்த ஃபெமினா பிள்ளைக்கு நானே போன் போட்டேன். சனிக்கிழமை வந்து உக்காந்து பாரும்மா, பாத்துட்டு உனக்குச் சரின்னு பட்டா படத்த எடுத்துருன்னேன். வாரேன்னுட்டா. அவ எடுத்துட்டா பேச்சித்தாய் இருக்கட்டும். எடுக்கலைன்னா நான் என்ன செய்ய?"

ஹெப்ரான் அன்று சாப்பிட உட்காரவில்லை. சமையல்கட்டைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனார். அங்கே மூன்றாவது வரிசைப் பெண் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முக்கூடலில் இருந்து தினம் காலை முதல் பஸ்ஸில் வருகிறவள். இருபது வருஷம் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்றி, இருமல் கண்டு, அதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். சனிக்கிழமையோடு நின்றால் மறுபடி சொளவுதான். இதெல்லாம் அப்போது ஹெப்ரானுக்குத் தெரியாது. அவர் ஒரு நீளமான மன்னிப்பை மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்திருந்தார், அதைத் தொடங்கினார். உங்களுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்றுதான் நான் ஆரம்பம் முதலே என்று அது போயிற்று. பேச்சித்தாய் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, வேறு எதனாலும் இல்லை.

அவர் மூச்சு வாங்கிய இடத்தில் அவள் சொன்னாள்.

"சார், நான் திமிருல இடுப்புல கை வச்சு நிக்கல. அந்தக் கையில துணி இருந்துது. நீங்க போயி முடிக்கட்டும்னு நின்னேன்."

"என்ன துணி?"

"தரை துடைக்க துணி. இலை நுனியில இருந்து ரசம் சொட்டும்லா. உங்க மேசையில இருந்து கூடை வரைக்கும் ஒரு கோடு போட்ட மாதிரி. யாராவது வழுக்கி விழுந்துட்டா அண்ணாச்சி என்னையத்தான் கேப்பாவ. அதான் உங்க பின்னாலயே துடைச்சுட்டு வருவேன்."

"என்னைக்கு?"

"தெனமும்தான்."

ஹெப்ரான் அங்கேயே போனை எடுத்துப் படத்தை மறுபடி பார்த்தார். அவள் இடுப்பில் ஊன்றிய கையில் பழுப்பாக ஏதோ தொங்கியது. அவருக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஈரப் பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. பதிமூன்றாவது வினாடியில் அவள் குனியத் தொடங்குகிறாள், படம் முடிந்துவிடுகிறது. போர்டிங்கில் தட்டு, தட்டுக்கு விளிம்பு உண்டு. இலைக்கு விளிம்பு கிடையாது. இது நாலு வருஷமாக ஒரு தலைமை எழுத்தருக்குத் தோன்றவில்லை. ஒரு நாள்கூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஒரு நிமிஷ வேலையை மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக நினைத்து, தினமும் ஒரு பெண்ணைக் குனிந்து தரை துடைக்க வைத்திருக்கிறார்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

பேச்சித்தாய் உரித்த வெங்காயத்தைப் பாத்திரத்தில் போட்டாள்.

"எப்படிச் சார் சொல்ல? கெட்டது செய்யுதவங்ககிட்ட சண்டை போடலாம். நீங்க நல்லதுல்லா செய்யுதிய."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தரை துடைத்த இடம் வந்ததும் அவள் சிரித்தாள். அவர் எதிர்பார்த்தது சிரிப்பு இல்லை.

"நாளைக்கு அந்தப் பொண்ணு முன்னாடி நான் மத்தவங்கள மாதிரி சாப்பிடணும். கூப்பிடணும், கேட்டு வாங்கணும், இலைய விட்டுட்டு எழும்பணும்" என்றார், பரீட்சைக்குப் போகிறவர்போல.

"செய்யுங்க. அதுல என்ன?"

"எனக்கு வராது, ரீபா. அவங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னு தோணும்."

ரீபா விடைத்தாள் கட்டை மூடி வைத்தாள்.

"கேளுங்க. நமக்குக் கல்யாணமாகி இருபத்தியேழு வருசம். இன்னைக்கு வரைக்கும் எனக்கு இது வேணும்னு நீங்க வாய் திறந்து கேட்டதில்ல. பசிக்கா, போதுமா, பிடிச்சிருக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டிய. உங்க முகத்தப் பாத்து நானேதான் கண்டுபிடிக்கணும். கேட்டா எடுத்துக் குடுத்துட்டு எஞ் சோலியப் பாக்கப் போயிருவேன். கேக்காதவருக்கு வைக்கதுதான் பெரிய பாடு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி விடைத்தாளை எடுத்துக்கொண்டாள். ஹெப்ரானுக்கு அப்போது ஒரு காப்பி வேண்டியிருந்தது. கேட்கலாமா என்று யோசித்து, அவள் திருத்திக்கொண்டிருக்கிறாளே என்று விட்டுவிட்டார். நாய் வாலை நிமிர்த்துவது ஒரு சாயங்காலத்தில் ஆகிற காரியமில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். ஒரு மணிக்கு ஹெப்ரான் மெஸ்ஸுக்கு வந்தபோது வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். உள்ளே பேச்சித்தாய் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அண்ணாச்சி கல்லாவில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். ஹெப்ரானின் இடத்துக்கு எதிரே முப்பது வயசுப் பெண் ஒருத்தி, தோள்பையை மடியில் வைத்தபடி இருந்தாள். அண்ணாச்சி கண்ணால் காட்டினார். ஃபெமினா அவள்தான்.

முகத்தைப் பார்த்தால் வம்புக்கு அலைகிறவளாகத் தெரியவில்லை. அதுதான் ஹெப்ரானுக்கு இன்னும் பயமாக இருந்தது. உட்கார்ந்ததும் கையைக் கூப்பினார்.

"அம்மா, அந்தப் படத்துல இருக்கது நான்தான். என்னைய யாரும் எடுக்கச் சொல்லல. நானாத்தான் எடுத்தேன். தயவுசெஞ்சு இவங்கள ஒண்ணும் சொல்லாதிய."

கண்ணைத் தாழ்த்திக்கொண்டே சொன்னார். ஃபெமினா அண்ணாச்சி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"சார், இப்படிச் சொல்லணும்னு உங்களச் சொல்லி வச்சிருக்காங்களா?"

"ஐயோ, இல்லம்மா."

"பயப்படாதீங்க சார். எங்க பாட்டா உவரியில இருந்து கருவாட்டு மூட்டையோட இந்தப் பக்கமெல்லாம் வருவாரு. சாப்பிட்ட இலையக் கையில எடுத்துட்டு நடக்கச் சொல்லுவாங்களாம். அவரும் யாரு கேட்டாலும் நானாத்தான் எடுத்தேன்னுதான் சொல்லுவாரு. நீங்க சொல்லுத மாதிரியேதான்."

ஹெப்ரான் கூப்பிய கையை இறக்கினார். பணிவாகச் சொல்லச் சொல்ல அவள் சந்தேகம் உறுதியாகிறது. அவருக்குத் தெரிந்ததோ பணிவு ஒன்றுதான்.

பேச்சித்தாய் இலை போட்டாள். உருளைக்கிழங்குப் பொரியல், இஞ்சிப் பச்சடி, அப்பளம், சோறு, அதன்மேல் தேங்காய்ப்பால் மணத்தோடு ஒரு கரண்டி சொதி. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. விரல்தான் கரண்டியை அளவுக்கு அதிகமாக இறுக்கிப் பிடித்திருந்தது. ஹெப்ரான் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஃபெமினாவும் சாப்பிட்டாள், ஆனால் பார்த்தது அவரை. கூப்பிட வேண்டும், கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு வாய்க்கும் நினைத்தார். தொண்டை வரை வந்தது சோற்றோடு கீழே போயிற்று.

இரண்டாம் சுற்றுக்குச் சொதி வாளி வந்தது. பக்கத்து ஆளுக்கு ஊற்றிவிட்டுப் பேச்சித்தாய் அவர் முன்னால் நின்றாள்.

"சொதி, சார்?"

அவருடைய கை அவரைக் கேட்காமலே எழும்பி இலையை மறைத்தது.

"வேண்டாம்."

பேச்சித்தாய் ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணத்தில் அவள் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. அடுத்த இலைக்கு நகர்ந்தாள். எதிரே ஃபெமினா மேசையில் கிடந்த போனை இடது கையால் எடுத்தாள்.

ஹெப்ரான் தன் கையைப் பார்த்தார். இலைக்கு மேல் விரிந்து கிடந்த அந்தக் கை அவருக்கு அன்றைக்கு அசிங்கமாகத் தெரிந்தது. அது யாரையும் காப்பாற்றவில்லை. நாலு வருஷமாக அது சொன்னதெல்லாம் ஒன்றுதான்: நான் நல்லவன், பார்த்துக்கொள்.

"பேச்சித்தாயி."

சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. நாலு வரிசையும் திரும்பிப் பார்த்தது. பேச்சித்தாய் வாளியோடு நின்றாள்.

"சொதி எங்க?"

"இப்பந்தான கேட்டேன். வேண்டாம்னிய."

"அப்ப வேண்டாம். இப்ப வேணும்."

யாரோ சிரித்தார்கள். பேச்சித்தாய் திரும்பி வந்தாள். ஒரு கரண்டி ஊற்றினாள்.

"இன்னொண்ணு ஊத்து. கரண்டிய நிறைய மோந்து ஊத்து. மேலாப்புல தண்ணியா வருது."

"வாளியில அடி இருக்கட்டும், பின்னால உள்ளவங்களுக்கு வேண்டாமா?"

"எனக்கு நாலு வருசப் பாக்கி இருக்கு. இஞ்சிப் பச்சடியும் கொண்டா. போன வாரம் எனக்கு வைக்கவே இல்ல."

இதுவரை சார் என்று ஒடுங்கி நின்ற பேச்சித்தாய்க்கு அது பொறுக்கவில்லை. பரிமாறாதவள் என்று சொன்னால் எந்த வரிசைக்காரிக்குத்தான் பொறுக்கும்?

"யாரு வைக்கல? வச்சேன். நீங்கதான் உறைக்குன்னு இலை ஓரமா ஒதுக்கி வச்சிய. ரெண்டாம் சுத்துக்கு வந்தப்ப நாந்தான பாத்தேன்."

"அது மாங்காய் ஊறுகாய்."

"ஊறுகாய் வேற, பச்சடி வேற. எனக்குத் தெரியாதா? மூணாம் வரிசையில எந்த இலையில என்ன மிச்சம் கிடக்குன்னு கேளுங்க, நான் சொல்லுதேன். உங்க இலையத்தான் சார் என்னைக்கும் பாக்க விட மாட்டிய, தூக்கிட்டு ஓடிருவிய."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஹெப்ரானுக்கு முகம் சூடாயிற்று. ஆனால் விடவில்லை. அப்பளம் கேட்டார். தண்ணீர் கேட்டார். தண்ணீர் வரத் தாமதமானதும், "ஏம்மா, ஆத்துல போயி மோந்துட்டு வாரியா?" என்று கேட்டார். "ஆமா, குறுக்குத்துறை வரைக்கும் போயிட்டு வாரேன், பைய சாப்பிடுங்க" என்று தம்ளரை வைத்தாள் பேச்சித்தாய். அவள் விரல்கள் இப்போது கரண்டியை இறுக்கவில்லை. கல்லாப் பக்கம் நின்ற அண்ணாச்சி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

எதிரே ஃபெமினா போனைக் கீழே வைத்துவிட்டாள். பயந்தவன் யாரும் இஞ்சிப் பச்சடிக்காகச் சண்டை போடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பணிவை வேண்டுமானால் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்து வாங்கலாம், இப்படி ஒரு வாய்ச்சண்டையைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

கடைசியில் இலை. ஹெப்ரான் அதைத் தன் பக்கமாக மடித்தார். மடித்த கை அங்கேயே தங்கிவிட்டது. விரல்கள் நுனியைப் பிடித்துத் தூக்கத் தொடங்கின. நாற்பது வருஷ போர்டிங் அந்த விரல்களில் இருந்தது.

"சார்" என்றாள் பேச்சித்தாய். "கைய எடுங்க."

எடுத்துவிட்டார்.

அவர் எழுந்த அதே நேரத்தில் எதிரே ஃபெமினா எழுந்தாள். அவள் தன் இலையை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள். தப்பாக நினைத்துவிட்டோமே என்ற சங்கடத்தில், தன்னால் ஆனது இதாவது என்று தோன்றியிருக்க வேண்டும். நல்ல மனுஷர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார்கள்.

"யம்மா, நீங்களுமா?" என்றாள் பேச்சித்தாய். "கீழ வைங்க. சொட்டுது பாருங்க, சொட்டுது."

ஃபெமினா தரையைப் பார்த்தாள். தன் காலடியில் விழுந்திருந்த மூன்று பொட்டுச் சொதியைப் பார்த்தாள். பேச்சித்தாய் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிக் குனிந்து துடைப்பதையும், துணியோடு அந்தக் கையை மறுபடி இடுப்பில் ஊன்றி நிமிர்வதையும் பார்த்தாள். பதினாலு வினாடிப் படம் அந்த இடத்தில்தான் அவளுக்கு முழுதாக ஓடி முடிந்திருக்கும். இலையை மேசையில் வைத்துவிட்டாள்.

"நான் பாதியத்தான் பாத்திருக்கேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். கை கழுவின கையோடு வாசலுக்குப் போய் நின்று போனில் ஏதோ செய்தாள். கல்லாவுக்கு வந்தவள் அண்ணாச்சியிடம் போனைக் காட்டினாள். படம் இல்லை. அந்த இடத்தில், தான் கண்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டதாக நாலு வரி எழுதியிருந்தாள். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை வாசித்தார். கடுதாசியை எவன் வாசிக்கான் என்று சொன்னவர்தான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பேச்சித்தாயி, திங்கக்கிழமை முதல் பஸ்ஸுல வந்துரு. மூணாவது வரிசைய நீயே பாத்துக்கோ."

"சரி அண்ணாச்சி" என்று மட்டும் பதில் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்நோக்கிச் சுருட்டி, ஒரு சொட்டு வெளியே வராமல், வாளிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். ஹெப்ரானின் இலையும் அதில் ஒன்றாகப் போயிற்று. அவள் அதை எடுக்க இரண்டு வினாடிகூட ஆகவில்லை.

ஹெப்ரான் கை கழுவிவிட்டு நின்று முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மேசையில் இருந்து கூடை வரை தரை காய்ந்து கிடந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருப்பதாகத் தோன்றியது. பின்வாசலில் பாதியில் நின்றுபோன மன்னிப்பை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். நேரே மூன்றாவது வரிசைக்குத் திரும்பி வந்தார். மேசை துடைத்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் முன்னால், இரண்டு மேசைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு ஆள் போகிற வழியில் நின்றார்.

"பேச்சித்தாய், நாலு வருசமா நான் தெரியாம உங்களுக்கு..."

அவருக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஏழெட்டுப் பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவன் அவர் தோளுக்கு மேலாகக் காலி இடத்தை எட்டிப் பார்த்தான். பேச்சித்தாய் ஒரு கையில் ஈரத்துணி, மறு கையில் புது இலைக் கட்டோடு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. வேலை இருந்தது.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் சார்" என்றாள். "பந்தி நிக்கு. தள்ளுங்க."

ஹெப்ரான் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.